குதிகால் அடைத்த ஓட்டை

ஃபைபருக்குப் பூசும் ரெசின் பசையின் வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் ஞாயிற்றுக்கிழமை என்றே தோன்றும். பூசை முடிந்து வந்து, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்ட கையோடு, அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லையில் வேப்பமரத்தடியில் கிடந்த படகிடம் போய்விடுவார். செத்த நேரத்தில் காட்டமான அந்த வாசம் அடுப்படி வரைக்கும் வந்துவிடும்.

திண்டுக்கல்லில் படகா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவும் அதைத்தான் கேட்டது. குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்த ஒரு மனிதர், கொடைக்கானல் ஏரியில் ஓடி ஓய்ந்து கரையில் கிடந்த ஃபைபர் மோட்டார் படகைக் கேட்டு வாங்கி, காரட் மூட்டைகளுக்கு மேலே கவிழ்த்துப் போட்டு லாரியில் கொண்டுவந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? "என்ன நோவா, மழ என்னைக்கு?" என்பதே அப்பாவுக்குத் தெருக்காரர்கள் வைக்கும் வணக்கமாக ஆகிப்போனது.

எல்லாம் அம்மாவுக்காகத்தான். கல்யாணமான புதிதில் இருவரும் கொடைக்கானல் போனபோது, படகில் ஏறக் கால் எடுத்து வைக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதாம். படகு இன்று கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். "இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அம்மா சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை, நாங்கள் மூன்று பிள்ளைகள்தான் வந்தோம்.

"ஓய்வு நாள்ல வேல பாத்தா பாவமில்லையா?" என்று அம்மா கேட்டால், "இது வேலயில்ல, வெளாட்டு. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு" என்பார் அப்பா. வெடிப்புகளைச் சுரண்டி, ஃபைபர் பாயை வெட்டி வைத்து, ரெசின் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு வருடம் போனது. பின்பக்கம் அடியில், கட்டைவிரல் நுழைகிற அளவில் வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது. "மலக்காரங்க இம்புட்டு பெரிய ஓட்டையோடயா ஓட்டுனாங்க?" என்று ஆச்சரியப்பட்டு, அதற்கு மட்டும் மூன்று பூச்சுப் போட்டார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. ஒரு வாரம் விடாமல் பெய்ததில் படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அம்மா இடுப்பில் கை வைத்து நின்று, "படகு தண்ணில நிக்கும்னு சொன்னீக. இங்க தண்ணிதான் படகுல நிக்குது!" என்று சிரித்தார்.

எஞ்சின் பார்க்கப் பேகம்பூரிலிருந்து வந்த காதர் பாய்க்கும் சிரிப்புத் தாங்கவில்லை. இளவயதில் தூத்துக்குடியில் படகு எஞ்சின் பழுது பார்த்தவர் அவர்.

"அடப்பாவி, அத அடைச்சுட்டியா? அது ஓட்ட இல்லப்பா, வழி. உள்ள நிக்கிற மழத்தண்ணி எதுல போகும்? தண்ணில எறக்கும்போது தக்க வச்சு அடைக்கணும், கரைக்கு வந்ததும் உருவிறணும்."

அப்பா உடனே துளை போடவில்லை. தெருப் பெண்கள் அதற்குள் குடத்தோடு வந்து நின்றுவிட்டார்கள். பாத்திரம் கழுவவும் துணி அலசவும் அந்தத் தண்ணீர் ஒன்பது நாள் வந்தது. கடைசிக் குடம் போன பிறகுதான் அப்பா துளைக் கருவியை எடுத்தார். கொய்யாக் கட்டையில் தக்கை செதுக்கி, சைக்கிள் ட்யூப் சுற்றினார்.

கார்த்திகையில் ஊருக்கு வெளியே இருந்த குளம் நிறைந்தது. டிராக்டரில் படகு போனது. அம்மா வேளாங்கண்ணித் தீர்த்தம் தெளித்து, சிலுவை போட்டு ஏறினார். அவர் மடியில் நான். கரையில் மற்ற இரண்டு பிள்ளைகளோடு காதர் பாயும் பாதித் தெருவும். எஞ்சின் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அம்மா வாயைத் திறந்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். நடுக்குளத்தில் என் கால் நனைந்தது.

"ஏங்க, தக்க எங்க?"

"சட்டப்பையில."

"எந்தச் சட்ட?"

அப்பா போட்டிருந்த சட்டையைத் தடவிப் பார்த்தார். "வீட்ல... ஆணியில தொங்குது."

அவர் அவசரமாகக் கரைப்பக்கம் படகைத் திருப்பினார். அம்மா என்னை இறக்கிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கி, தன் குதிகாலை அந்த ஓட்டையில் அழுத்தி வைத்துக்கொண்டார். கையில் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குத் திருப்புறீக? நான்தான் அடைச்சிருக்கேன்ல? இன்னொரு சுத்து போங்க."

போனோம். அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே அம்மா குளத்தை மூன்று முறை சுற்றி வந்தார்.

இன்று அந்தக் குளத்தில் பாதி வீடுகளாகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். எஞ்சின் எந்த இரும்புக்கடைக்குப் போனதோ தெரியாது. படகு மட்டும் பக்கத்து ஊரான எரியோட்டில் தம்பியின் தோட்டத்தில் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாகக் கிடக்கிறது. தண்ணீர் நிற்க வேண்டுமென்று அந்தத் துளையை அவன் மறுபடி ரெசின் வைத்து அடைத்துவிட்டான். போன மாதம் போனபோது தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். லேசாக மேடு தட்டியது. பூச்சு போட்ட இடம், அம்மா குதிகால் வைத்த இடம். கோயில் வாசலில் தீர்த்தத்தைத் தொட்டுப் பழகிய கை, ஈரத்தோடு தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டது. பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாடு தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து குடித்தது.