செண்பகம் கேட்ட ஒரு வரி

கீழப்பாவூரில் ஒரு தொழுவம். குறுக்கே மாட்டிக்கொண்ட கன்றைத் திருப்புவதற்காகப் பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு நின்றேன். சட்டைப் பையில் போன் விடாமல் அடித்தது. மாட்டுக்காரர் எடுத்து என் காதில் வைத்தார். செண்பகத்தின் தம்பி பேசினான். "டாக்டரே, அக்கா போயிட்டா. காலையில நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுட்டு." கையை எடுக்க முடியாது, கன்று உள்ளே உயிரோடு இருந்தது. அதைத் திருப்பி வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் வைக்கோலில் உட்கார்ந்து அழுதேன். மாட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கெடேரிதான் டாக்டரே, நல்லாத்தான் இருக்கு" என்று ஆறுதல் சொன்னார்.

குத்துக்கல்வலசையில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர நெடுநேரம் ஆயிற்று. சீசன் அல்லவா? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் பாட்டு. சாவு வீட்டுக்குப் போகிறவன் ஆரன் அடித்தால் யார் வழிவிடுவார்கள்?

டாக்டர் செண்பகவல்லி என்றால் இங்கே சிலருக்குத்தான் தெரியும். பூச்சி டாக்டர் என்றால் உங்கள் எல்லாருக்கும் தெரியும். நம் பிள்ளைகளின் குடலில் குடியிருக்கும் நாக்குப்பூச்சிக்கு, புத்தகத்தில் உருளைப்புழு என்று போட்டிருப்பார்களே அதற்கு, ஒரு தடுப்பூசி கண்டுபிடிக்க வேண்டும் என்று வேலை பார்த்தவள். கால்நடைக் கல்லூரியில் நாங்கள் ஒரே வகுப்பு. நான் ஊசியும் பையுமாக மாட்டின் பின்னால் போனேன், அவள் ஆராய்ச்சிக்குப் போனாள். அறுபதைத் தொட்ட பிறகும் அவளுக்கு நான் 'ஏலே', எனக்கு அவள் 'ஏட்டி'. என் வீட்டுக்கு வந்த மருமகன் முன்னால்கூட அதை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

அவளுக்கு இந்தப் புழு மேல் கோபம் வந்த நாள் எனக்குத் தெரியும். செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவர்களின் பெண் குழந்தை ஒன்றை வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தெரிந்த சர்ஜன் ஒருவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். குடலை அடைத்துக்கொண்டிருந்த புழுக்களை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டிருந்தார். நூல்கண்டு சிக்கிக் கிடப்பதுபோல் ஒரு பந்து. குழந்தை பிழைத்தது, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சில மாதம் கழித்து அதே குழந்தை, அதே வயிறு. "மாத்திரை குடுத்தா புழு சாவும். அது திரும்பப் போயி விளையாடுதது அதே மண்ணுதானலே. புழு உள்ள வந்தாலும் இருக்க முடியாம அந்த உடம்பே வெரட்டணும்" என்றாள். மாத்திரையை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அது போதாது என்றுதான் சொன்னாள். அதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை. இந்தப் புழு வசதியானவர்கள் வயிற்றுக்கு அதிகம் வருவதில்லை பாருங்கள்.

பன்றியின் உருளைப்புழுவும் மனிதனின் உருளைப்புழுவும் கிட்டத்தட்ட உடன்பிறப்புகள். அதனால் அறுத்த பன்றியின் குடலிலிருந்து புழு எடுக்க, அவள் விடிகிற நேரத்தில் பன்றிக்கறிக் கடைகளுக்கு முன்னால் நிற்பாள். வெதுவெதுப்பான உப்புநீர் நிரப்பிய டீ பிளாஸ்க் ஒன்றை எப்போதும் வைத்திருப்பாள், புழு உயிரோடு வந்து சேரவேண்டும் என்பதற்காக. ஒருமுறை என் கிளினிக்கில் அதை வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். என் கம்பவுண்டர், டாக்டரம்மா டீ வாங்கி வந்திருக்கிறார்கள் என்று டம்ளரை அடுக்கி ஊற்றிவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற ஆடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. செண்பகம் நிதானமாக டம்ளரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, "ஒரு உயிரும் சேதமில்ல, பயப்படாதீக அண்ணாச்சி" என்றாள். அந்த மனிதர் அதற்குப் பிறகு டீயே குடிப்பதில்லை.

அந்தப் புழுவின் குடல் சுவரிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து ஊசி மருந்தாக்கினாள். முதலில் எலிகள். குடலில் குடியேறுவதற்கு முன்னால் இளம்புழு நுரையீரல் வழியாகத்தான் வரும். ஊசி போட்ட எலிகளின் நுரையீரலில் இளம்புழுக்கள் குறைந்திருந்தன. அன்றைக்கு இனிப்பு வாங்கி வருவாள் என்று பார்த்தேன். "எலி மனுசனில்லலே. பன்னியில பாக்காம வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

பன்றிக்கு வருவதற்குள் அவள் தலை நரைத்துவிட்டது. அவள் வேலை பார்த்த நிறுவனத்தின் இயக்குநர், பெயர் எதற்கு, உங்களுக்கே தெரியும், ஒவ்வொரு தடவையும் "அதுக்குத்தான் மாத்திரை இருக்கே மேடம்" என்று சிரிப்பார். கடைசியில் வெளியிலிருந்து ஒரு குழு பணம் கொடுத்து உதவ முன்வந்ததும் அவரே முன்வரிசையில் வந்து நின்றுகொண்டார். கொட்டகை போட்டார்கள். பாதிப் பன்றிகளுக்குத் தடுப்பூசி, பாதிக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. பிறகு எல்லாவற்றுக்கும் புழு முட்டையைத் தீவனத்தில் கலந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அறுத்துப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் எத்தனை புழு இருக்கிறது என்பதில்தான் அவளுடைய வாழ்நாள் உழைப்புக்கு விடை.

இடையில் அவள் மதுரைக்கு ஏதோ ரசாயனம் வாங்கப் போயிருந்தாள். குழு பார்வையிட வரப்போவதாக இயக்குநருக்குத் தகவல் வந்திருக்கிறது. அவர் கொட்டகைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். புழு ஏறிய பன்றிகள் மெலிந்து, இருமிக்கொண்டு கிடந்திருக்கின்றன. பின்னே எப்படிக் கிடக்கும்? அதற்குத்தானே முட்டையே கொடுத்தது! மனிதருக்கு மானம் போய்விட்டது. பெரிய ஆட்கள் வரும்போது நம் நிறுவனத்துப் பன்றி இப்படியா இருப்பது?

குழு வந்தது. பன்றிகள் மினுமினுவென்று நின்றன. படம் பிடித்துக்கொண்டார்கள், பராமரிப்பைப் பாராட்டினார்கள்.

அறுத்த அன்று நானும் கூட இருந்தேன். தடுப்பூசி போட்ட பன்றியின் குடலைக் கீறினாள். சுத்தமாக இருந்தது. நான் கூச்சலே போட்டுவிட்டேன், "ஏட்டி, ஜெயிச்சுட்டட்டி!" அடுத்து வெறும் ஊசி போட்ட பன்றி. அதுவும் சுத்தம். அடுத்ததும் சுத்தம். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் கொட்டகையில் பன்றிகளைப் பராமரித்த சுடலைமுத்துவைக் கூப்பிட்டாள்.

"இதுகளுக்கு என்ன குடுத்தீரு?"

"ஐயாதாம்மா சொன்னாவ. பெரிய ஆளுக வாராவ, பன்னி வாடிக் கெடக்கக் கூடாது, எல்லாத்துக்கும் பூச்சி மருந்தக் குடுத்துரும்னு. நான்தான் தீவனத்துல கலந்து குடுத்தேன். நல்லா தேறிட்டும்மா" என்றார் அவர், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு.

புழுத் தடுப்பூசியைச் சோதிக்கிற பன்றிக்குப் புழு மருந்து! மாட்டுக்கும் ஆட்டுக்கும் வருஷம் தவறாமல் புழு மருந்து கொடுத்தே பழகிய நம் தொழிலில்தான் இப்படி ஒரு பிழை நடக்கும். நான் சுடலைமுத்து மேல் பாய்ந்தேன். செண்பகம் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவரை எதுக்குலே ஏசுத? சொன்னதச் செஞ்சாரு."

அவள் இயக்குநரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மன்னிப்பு கூட இல்லை. பன்றிகளுக்குப் புழு மருந்து கொடுக்கப்பட்டுவிட்டது என்று குழுவுக்கு ஒரு வரி எழுதுங்கள் சார் என்றாள். பார்க்கலாம் மேடம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். நிறுவனத்திலிருந்து போன முடிவில், இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை என்று மட்டும் இருந்தது. அவளே குழுவுக்கு எழுதினாள். விளக்கம் எதுவானாலும் நிறுவனத் தலைவர் வழியாக வரட்டும் என்று பதில் வந்தது. உதவி நின்றது. கொட்டகையைப் பிரித்தார்கள். அவளுக்கும் ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது.

தடுப்பூசி பலித்தது, சதி செய்து மறைத்துவிட்டார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லுவோம் என்றேன் நான். எனக்கு அவ்வளவு ஆத்திரம். அவளுக்கு என் மேல்தான் கோபம் வந்தது. "நான் ஜெயிச்சேன்னு எப்பம்லே சொன்னேன்? தோத்துட்டேன்னு அவுக சொல்லுததும் பொய், ஜெயிச்சேன்னு நீ சொல்லுததும் பொய். சோதிக்கவே இல்ல. அத மட்டும் எழுதச் சொல்லு." ஓய்வுக்குப் பிறகும் அவள் அந்த வரியைக் கேட்டு இயக்குநர் வீட்டுக்குப் போனாள். வாங்க மேடம் என்று காபி கொடுப்பார்கள். காபி குடித்துவிட்டு வருவாள். அது இருந்தால்தான் வேறு யாராவது இந்த வேலையை எடுத்துச் செய்வார்கள், இல்லாவிட்டால் தோற்றுப்போன மருந்தை எவன் தொடுவான் என்பது அவள் கவலை. அந்தக் கவலையோடுதான் போய்ச் சேர்ந்தாள், பாவி.

இரங்கல் கூட்டத்தைக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் வைத்தார்கள். தென்காசியில் ஹாலா கிடைக்காது? வெளியூர்ப் பேச்சாளர்கள் அப்படியே ஒரு குளியல் போட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் விஷயம். மேடையில் இருந்த பாதிப்பேருக்குத் தலை ஈரம் காயவில்லை. முன்வரிசை வரை எண்ணெய்க் குளியல் வாசனை அடித்தது. இயக்குநர் எழுந்து அரை மணி நேரம் பேசினார். விஞ்ஞானத் தவம் என்றார். அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை. நான் எழுந்து, "ஐயா, பன்னிக்குப் பூச்சி மருந்து குடுக்கச் சொன்னது யாருன்னு இப்பமாவது சொல்லலாமா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த ஒருவர் என் முழங்கையைப் பிடித்து, "எதை எங்கன பேசுததுன்னு இல்லையா டாக்டர்? உக்காருங்க" என்றார். வெளியே வந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்ப வாசலில் மங்குஸ்தான் பழப் பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

செண்பகத்தின் நினைவாக என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, அவள் பிரித்தெடுத்த புரதத்தின் மிச்சம். சின்னச் சின்னக் குப்பிகளில், என் கிளினிக் பிரிட்ஜின் உறைபெட்டியில் இருக்கிறது. கரண்ட் போனால் நோயாளி மாட்டை விட்டுவிட்டு முதலில் அங்கேதான் ஓடுகிறேன். இன்னொன்று அவள் வாங்க நடந்த அந்த வரி. எழுத வேண்டியவர் எழுதவில்லை. அவள் கேட்டபடியே, ஒரு சொல்லும் கூட்டாமல் நான் எழுதுகிறேன். அறிந்தவர்கள் அறியாதவர்களுக்குச் சொல்லுங்கள்:

சோதனையின் நடுவில் எல்லாப் பன்றிகளுக்கும் புழு மருந்து கொடுக்கப்பட்டுவிட்டது. இந்தத் தடுப்பூசி பலிக்குமா பலிக்காதா என்பது இன்னும் தெரியாது.