பொங்கல் போர்வையில் வெட்டிய வரிசை

ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இரண்டு சர்க்காரும் பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நகரிப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான் கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்திருந்தேன். எங்கள் தெருக்கோடியில் பெண்களுக்கு ஒரு தையல் வகுப்பு நடந்தது. அதில் நானும் சேர்ந்தேன்.

சங்கராந்திக்குச் சில நாள் முன்னால் கண்காட்சி வைக்கப்போவதாக வகுப்பை நடத்திய தலைவியம்மா அறிவித்தார். அவரவர் வீட்டுப் பண்டிகையை அவரவர் தைத்துக் கொண்டுவர வேண்டும். அப்படித்தான் தெலுங்கில் தெளிவாகச் சொன்னார். நானும் நம்பினேன்.

பக்கத்து வீட்டு அக்கா தெலுங்குக்காரர். அவர் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடையில் வேலை. மில்காரர்கள் மாதிரிக்கு அனுப்பும் சதுரத் துண்டுகள், எல்லாம் ஒரே அளவாக வெட்டியவை, அங்கே மூட்டையாகக் கிடக்கும். அக்கா எனக்காக ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்தார். கத்தரிக்கோலுக்கே வேலை இல்லை. போர்வை தைக்கலாம் என்று தரையில் பரப்பி, நிறம் பார்த்து அடுக்கினேன். மஞ்சளெல்லாம் சேர்ந்து சூரியன். செங்கல் நிறத் துண்டுகள் பானை. வெள்ளையில் பொடிப்புள்ளி போட்டவை பொங்கி வழியும் நுரை. பச்சைக் கோடு போட்டவை இரண்டு பக்கமும் கரும்பு. அடியில் பழைய வேட்டியை மடித்து வைத்துத் தைத்தேன். கடைசி வரிசையில் துண்டுக்கு ஓர் எழுத்தாக, நீல நூலில் ‘பொங்கலோ பொங்கல்’ என்று போட்டேன். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப் போயிற்று.

கண்காட்சிக்கு முதல் நாள் கொண்டுபோய் விரித்தேன். தலைவியம்மா பானையைத் தடவிப் பார்த்தார். தமிழ் எழுத்தைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

“இதப் பிரிச்சுடு. சித்தூர்லேருந்து அதிகாரி வர்றாரு. இந்த நேரத்துல எதுக்கு வம்பு?” என்றார் தெலுங்கில்.

நானும் தெலுங்கிலேயே பதில் சொன்னேன். “எங்க வீட்டுப் பண்டிகைக்கு எங்க வீட்டு எழுத்தும்மா. பிரிக்க மாட்டேன்.”

“சரி, வெச்சுட்டுப் போ.”

ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் அக்காவும் நானும் போனோம். வாசலுக்கு எதிர்ச்சுவரில் என் போர்வைதான் தொங்கியது. அக்கா என் கையைப் பிடித்து, என்னோடு பழகிய தமிழில் கேட்டார். “இன்னாம்மா இது, கீழ் வரிசை காணமே?”

வெட்டியிருந்தார்கள். பிரிக்கக்கூட இல்லை. கரும்பின் அடியோடு கத்தரிக்கோலை ஓட்டி, அந்த விளிம்பில் சிவப்பு ரிப்பன் வைத்து மெஷினில் அடித்திருந்தார்கள். அதிகாரி அதன் முன்னால் நின்று, சங்கராந்திப் பானை வெகு அழகு என்று பாராட்டிக்கொண்டிருந்தார். தலைவியம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

“மிச்சம் எங்கே?” என்று கேட்டேன்.

“அப்புறம் தெச்சுத் தரச் சொல்றேன். இப்ப சும்மா இரு.”

அதிகாரி என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் பெரிய மனசோடு சிரித்தார். “என்னம்மா, சங்கராந்தியும் பொங்கலும் ஒண்ணுதானே?”

“ஒண்ணுன்னா எதுக்கு வெட்டினாங்க?”

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியோடு பிடுங்கினேன். மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டார். நான் கேட்கவே இல்லை. பிறகு அவரே உள்ளறைக்குப் போய்த் தேடி, வெட்டிய வரிசையை எடுத்து வந்தார். அதைக் கொண்டு தையல் மெஷினின் எண்ணெயைத் துடைத்து மூலையில் எறிந்திருந்தார்கள். எழுத்தெல்லாம் கறுப்பு. அப்போதுதான் அழுகை வந்தது. அவர்கள் எதிரில் அழக் கூடாது என்று விறுவிறுவென்று தெருவுக்கு வந்துவிட்டேன்.

“புச்சா ஒரு வரிச தெச்சிக்கினா ஆச்சி. துண்டு மிச்சம் கீதில்ல?” என்றார் என் வீட்டுக்காரர்.

“இதேதான் வரணும்” என்றேன். சிகைக்காய் போட்டுக் கசக்கியும் கறை முழுக்கப் போகவில்லை. அப்படியே வைத்துத் தைத்தேன். பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துப் போனபோது நைனா கறையைப் பார்த்துக் கேட்டார். நடந்ததைச் சொன்னதும், “எவ அவ? வண்டி கட்டறேன், வா” என்று எழுந்துவிட்டார். “துன்னுட்டு சண்டைக்குப் போ” என்று அம்மா இலையைப் போட்டாள்.

வகுப்புக்கு நான் மறுபடி போகவில்லை. எல்லையும் ஒருவழியாக முடிவானது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருந்துவிட்டது.

சில வருடங்கள் கழித்துத் திருச்சானூரில், கோயில் வாசலில் வளையல் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்: “ஓடாத கண்ணு, வுழுந்துடுவே!” திரும்பினேன். பேத்தியைத் துரத்திக்கொண்டு வந்தவர் தலைவியம்மா. என் வீட்டுத் தமிழ், அச்சாக.

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“உங்களுக்கும் இதானா பாஷை?” என்றேன்.

“வூட்டுக்காரருக்கு சர்க்கார் வேல” என்றார், தரையைப் பார்த்து. “அப்ப பயந்துகினு கெடந்தேம்மா.”

பயந்திருக்கலாம். பயந்தவர் என்னிடம் தனியாக, இதே தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ராத்திரியோடு ராத்திரியாகக் கத்தரிக்கோலை எடுப்பானேன்? அதைக் கேட்க வாயெடுத்தேன். குழந்தை அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தது. வளையலைக்கூட வாங்காமல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன்.