வெயிலு ஒண்ணும் தெரியலீங்க

மஸ்கட்டில் சித்திரை, வைகாசி மாதங்களில் குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும். மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் வெயிலில் கிடப்பதால் வரும் வினை. கல்யாணமாகிப் போன முதல் கோடையில், பக்கத்து வீட்டு மலையாளி அக்காதான் எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். குளியலறை ஹீட்டரை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். ஹீட்டருக்குள் நிழலில் கிடக்கும் தண்ணீர் கொஞ்சமாவது ஆறியிருக்கும். அதுவும் ஒரு வாளிக்குத்தான். தண்ணீரையும் காற்றையும் பற்றிப் பீற்றிக்கொள்ளாமல் கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சோறு இறங்காது. நானும் அந்த அக்காவிடம் சிறுவாணியைப் பற்றி அளந்துவிட்டவள்தான். ஹீட்டரை அணைத்துவிட்டு அதற்கடியில் வாளியோடு நின்றபோது என் பெருமையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அப்பா அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக்காரர். நான் ஒரே பெண். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊட்டுக்கு போன் வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவோம். எடுத்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்.

“ஏங்கண்ணு, அங்க வெயிலு எப்படி?”

“ஒண்ணும் தெரியலீங்ப்பா. ஏசி இருக்குதுங்க.”

ஏசி இருந்தது, வாஸ்தவம். பழைய பெட்டி, மதியத்தில் இரைச்சல் மட்டும் போடும், காற்று வராது. ஈரத்துண்டைத் தரையில் விரித்து அதன் மேல் படுத்துக்கொண்டுதான் நான் அவரிடம் பேசுவேன். கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் மயங்கி விழுந்ததையும் சொல்லவில்லை. அவர் மட்டும் என்னவாம்? மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததை என்னிடம் மூச்சு விடவில்லை. எங்கள் ஊட்டில் கெட்டதைச் சொல்வது மரியாதைக் குறைச்சல்.

அந்த வியாழக்கிழமை மதியம் போனில் வந்தது சித்தப்பா. “அப்பாவுக்குக் கொஞ்சம் ஒடம்புக்கு முடியல கண்ணு” என்றார். சித்தப்பா ஒருநாளும் எனக்குப் போன் செய்தவரில்லை. “இருக்கறாங்களா, சித்தப்பா?” என்று கத்தினேன். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

“நீ வா கண்ணு. எந்நேரமானாலும் நாங்க இருக்கறோம். உனக்கு மொகத்தக் காட்டாம எடுக்க மாட்டம்” என்றார்.

எனக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். அவர் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் என் பாஸ்போர்ட் என் வீட்டுக்காரருடைய கம்பெனிப் பெட்டகத்தில் இருந்தது. அன்றைக்கெல்லாம் கம்பெனிகள் அப்படித்தான் வாங்கி வைத்துக்கொள்ளும். அங்கே வியாழனும் வெள்ளியும்தான் வாரவிடுமுறை. சாவி வைத்திருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் அந்தத் தீ வெயிலில் ஆள் ஆளாய்த் தேடி அலைந்துவிட்டு, சட்டை முதுகோடு ஒட்டிப்போய் இருட்டிய பிறகு வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. சனிக்கிழமைதான் பாஸ்போர்ட் கிடைக்கும். பம்பாய் வழியாக விமானம் பிடித்து ஊட்டு வாசலுக்குப் போய்ச் சேர ஞாயிறு ஆகிவிடும்.

ஊரிலும் அக்கினி நட்சத்திரம். இப்போது போல வாடகைக்குக் கண்ணாடிப் பெட்டியெல்லாம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. உக்கடத்து மீன் மார்க்கெட்டுக்கு வேன் அனுப்பி, ஐஸ் பாளங்களை மரத்தூளில் புதைத்துக் கொண்டுவந்தார்களாம். மீனே சாப்பிடாத மனுஷன் அவர். அதைக் கேட்டபோது எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. கடைசியில் சூரியன் மேல் கோபப்பட்டேன்.

ராத்திரி அம்மாவிடம் பேசினேன். “ஞாயித்துக்கெழமதானுங்ம்மா வர முடியும்” என்றேன்.

“அதுக்கென்ன கண்ணு, பொறுமையா வா. நீ சாப்பிட்டியா?”

“அங்க வெயிலு எப்படீங்ம்மா?”

“அதெல்லாம் ஒண்ணும் தெரியல கண்ணு.”

நான் வாரம் தவறாமல் அப்பாவிடம் சொன்ன பொய்யை அம்மா எனக்கே சொன்னாள். தாலி போன அன்றைக்கு ஒருத்தி மகளுக்காக இப்படி ஒரு பொய்யைச் சொல்கிறாள் என்றால் அங்கே நிலைமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் தெரியாதது போலப் போனை வைத்தேன். எனக்கு அவர் முகம் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி கூப்பிட்டேன். சித்தப்பா எடுத்தார். “ஒண்ணும் அவசரமில்ல கண்ணு, நீ வா” என்றார், அதே குரலில். அவருக்குப் பின்னால் யாரோ ஒருவர், “ஏனுங்க, இன்னொரு வண்டி ஐஸ் சொல்லட்டுங்களா? ராத்திரி கொண்டாந்தது கரஞ்சுபோச்சுங்க” என்றார். ஒரு பெண் குரல் குழந்தைகளை வெளியே போய் விளையாடச் சொல்லி அதட்டியது. “அந்தச் சாம்பிராணிய இன்னுங் கொஞ்சம் அள்ளிப் போடுங்க” என்றது இன்னொரு குரல்.

அதற்கு மேல் தெரியாதது போல இருக்க என்னால் முடியவில்லை. அப்பா வேட்டியில் ஒரு கறை படிந்தால் வாசலுக்கு வரமாட்டார். அவரை அப்படிக் கிடத்தி, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு, எனக்காக மரியாதையாகக் காத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருப்பார்கள். ஒருவர்கூட வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

“எடுத்துருங்க சித்தப்பா” என்றேன்.

“என்ன கண்ணு சொல்ற?”

“நான் வாரதுக்கு நாளாகுமுங்க. எடுத்துருங்க.”

“நெசமாத்தான் சொல்றியா அம்மணி?”

அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அவர் அதை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிம்மதியைக் கேட்ட காதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மதியத்துக்குள் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். “நீயும் தலைக்கு ஊத்திக்கோ கண்ணு” என்று அம்மா சொல்லி அனுப்பினாள். ஹீட்டரில் இருந்ததைக் காலையிலேயே என் வீட்டுக்காரர் குளித்துத் தீர்த்திருந்தார். குழாயில் வந்ததைத் தலையில் ஊற்ற முடியாது. வாளியில் பிடித்து வைத்துவிட்டு, குளியலறைத் தரையில் உட்கார்ந்து, அது ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் மோட்டாரைப் போட்டால் முதல் குடத்திலேயே உடம்பு சிலிர்க்கும். இங்கே அப்பனுக்காகத் தலை முழுகுவதற்குக்கூட ஒரு மணி நேரம் வாளிக்குக் காவல் இருக்க வேண்டியிருந்தது. அந்த ஊர் மேல் எனக்கு வந்த வெறுப்பு அதன் பிறகு தீரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் ஐஸ் கரைந்த ஈரம்கூட இல்லை, கழுவி விட்டிருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மொகம் நல்லாத்தான் இருந்துது கண்ணு, தூங்கறாப்புலயே” என்றாள். சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். வந்து போன சொந்தக்காரர்கள் எல்லாரும், சொல்லி வைத்தாற்போல, அதையேதான் சொன்னார்கள்.

நல்லாத்தான் இருந்தது என்றால் நான் எதற்காக எடுக்கச் சொன்னேன்? “நீ சொன்னதுதாங் கண்ணு சரி, அதுக்கு மேல வெச்சிருக்க முடியாது” என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் போதும், அவர் காலைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். அதை மட்டும் அவள் சாகும்வரை சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது.

“சரீங்ம்மா” என்றேன்.