மாதா விளக்கும் ஒரு ஃபேனும்

எங்கள் லாரியின் டைனமோவுக்காக ராயபுரத்தில் என்னைவிட அதிகம் கத்தியவர்கள் இருக்க முடியாது. ஆல்டர்நேட்டர் என்பதுதான் சரியான பெயராம். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது டைனமோதான். வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற சாமான். ஆனால் எண்ணூர் துறைமுக ரோட்டில் கன்டெய்னர் லாரி எங்கே ஓடுகிறது? நிற்கிறது. காலையில் போய் வரிசையில் நின்றால், கேட் கண்ணில் படுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

லாரி என் கணவருடையது. ஓட்டுவது என் தம்பி. அவன் உட்காரும் கேபினுக்கு வெளியே நிலக்கரித் தூசி, உள்ளே இன்ஜின் சூடு. கண்ணாடியை ஏற்றினால் வேகும், இறக்கினால் இருமல் வரும். இருக்கிற ஒரே ஆறுதல் தலைக்கு மேல் மாட்டிய சின்ன ஃபேன். அதையும் அவன் போடமாட்டான். போட்டால் பேட்டரி இறங்கிவிடும், வரிசை நகரும்போது செல்ஃப் எடுக்காது, இன்ஜின் கிளம்பாது. செல்ஃப் எடுக்காத வண்டிக்காக அந்த வரிசையில் யாரும் காத்திருப்பதில்லை. பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போய்விடுவான். அப்புறம் வண்டி கிளம்பினாலும் வாலில் போய்த்தான் நிற்க வேண்டும்.

மாதா விளக்கு மட்டும் எரியும். ஒருமுறை மீஞ்சூர் பக்கம் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் இறங்க இருந்த வண்டி தப்பித்தது. அன்றைக்குக் கணவர் வேண்டிக்கொண்டார்: டேஷ்போர்டில் மாதா, சுற்றி விளக்கு, அது அணையவே கூடாது. பழைய குண்டு பல்புகள், பேட்டரியிலிருந்து நேராக வயர். ஸ்விட்ச்கூட வைக்கவில்லை மனுஷன்.

கோடையில் ஒரு நாள் தம்பி கேபினிலேயே மயங்கி விழுந்தான். பக்கத்து வண்டி டிரைவர்கள்தான் இறக்கி, தண்ணீர் கொடுத்து, வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சட்டையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. ஃபேன் ஓடியதா என்று அவர்களிடம் கேட்டேன். இல்லை, மாதா விளக்குதான் எரிந்தது என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

லாரியைத் தண்டையார்பேட்டையில் எலக்ட்ரீஷியன் பாயிடம் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன்.

"ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும்னு அந்தக் காலத்துல வச்ச டைனமோக்கா இது," என்றார் பாய். "ஃபேனு, சார்ஜரு, வெளக்குன்னு எல்லாத்தயும் இது தலையில கட்டிக்கீறீங்க. வண்டி ஊந்துகினு போனாலே சார்ஜ் ஏத்துற பெருசு இப்ப வருது. அத்த போட்டா வயரும் சேத்து மாத்தணும். இல்லாங்காட்டி ஏதாவது ஒண்ண கட் பண்ணணும்."

"அப்ப ஃபேன கட் பண்ணு பாய்," என்றார் என் கணவர். யோசிக்கவே இல்லை.

"வெளக்க கட் பண்ணா இன்னா?" என்றேன்.

"மாதா வெளக்குடி. வாய கழுவு. இன்னும் ரெண்டு எஃப்.சி. டெஸ்ட்டுகூட தாண்டாத கெழட்டு வண்டி, இதுக்கு பெரிய டைனமோ ஒரு கேடா? எங்கப்பா இன்னா ஃபேன் போட்டுகினா ஓட்னாரு?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். பெற்ற மகனைச் சிலுவையில் பார்த்தவள் மாதா. இன்னொருத்தி வீட்டுப் பிள்ளை வேகட்டும், என் பல்பு எரியட்டும் என்றா சொல்லுவாள்? கடை வாசலிலேயே நின்று கேட்டேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தம்பி என்னைத்தான் அடக்கினான். "வுடுக்கா, மாமா சொல்றதும் சரிதான். நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்." அவனை அறையலாம் போல இருந்தது. கடைசியில் எதையும் கட் பண்ணாமலே வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

அடுத்த லோடு வந்ததும் தம்பியிடமிருந்து சாவியை வாங்கிக் கணவர் கையில் வைத்தேன். "லைசென்ஸ் உங்கக்கிட்டயும் கீதில்ல? இந்த தபா நீங்க போங்க." ரோஷக்காரர். உடனே போய் வண்டியில் ஏறினார்.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தார். முகம் கருத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் குளிக்கப் போனதும் தெருமுனையில் நின்ற வண்டியில் ஏறிப் பார்த்தேன். மாதாவைச் சுற்றி இருட்டு. பல்பு போகவில்லை, வயரைப் பிடுங்கிச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார். டிரைவர் சீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்த ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இறங்கும்போது நிறுத்தக்கூட மறந்திருக்கிறார். நான் நிறுத்திவிட்டு வந்தேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். "நாளைக்கு பாய்கிட்ட சொல்லிடு. பெரிய டைனமோவே போட்டுடலாம். வெளக்கும் எரியும், ஃபேனும் ஓடும்."

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். நான் கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் தம்பி மயங்கி விழுந்தபோது அது கிழட்டு வண்டி. இவருக்கு ஒரு பகல் வேர்த்ததும் பெரிய டைனமோ போடத் தகுந்த வண்டியாகிவிட்டது.

சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினேன். பிறகு எழுந்து போய், அவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினேன். அண்ணாந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கை கழுவும் வரை அதைப் போடச் சொல்லவில்லை.