உம் பார்வை பட்டால் போதும்

கிறிஸ்டோபர், போடி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர்களின் பிள்ளை. கடையில் உட்காராமல், சின்னமனூர்ப் பக்கம் எங்கள் கல்லூரிக்கு ஆங்கிலம் நடத்த வந்தார். நான் அங்கே தமிழ்த்துறை. அவரோ முப்பத்தாறு வயதாகியும் ஒரு பெண்ணிடம் முகம் பார்த்துப் பேசத் துப்பில்லாத மனுசன். அவர்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

நூலகத்தில் வேலை பார்த்த கோம்பைக்காரி நாகஜோதியை நாலு வருடமாக விரும்பினார். "நாளைக்குச் சொல்லிருவேன் ஐயா" என்பார். அந்த நாளை வரவே வராது. கடைசியில், வருடந்தோறும் வகுப்பில் நடத்தும் ஒரு சானட்டைத் தமிழாக்கிக் கொடுப்பதென்று முடிவெடுத்தார். காதலியை நினைத்து ஒருவன் தொடராக எழுதிய நூறு சொச்சம் பாட்டில் ஒன்று, பதினாலே வரி.

என்னிடம் காட்டினார். 'நீர் வராத வழியில் எனக்கு நடை ஏது? உம் பார்வை பட்டால் போதும், நான் பிழைப்பேன்' என்று போனது.

"யோவ், விரும்புற பொண்ண யாருய்யா நீரு, உம்மன்னு கூப்புடுவா? நீன்னு போடுய்யா."

"நீன்னா மரியாதக் குறைச்சலா இருக்கு ஐயா. நீங்கன்னா ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்கு."

சின்ன வயதிலிருந்து அவர் உருகிப் பேசியது ஜெபத்தில் மட்டும்தான். அங்கே கடவுள் 'நீர்'. மனம் உருகினால் அவருக்கு அந்த ஒரு சொல்தான் வரும். நானும் விட்டுத் தொலைத்தேன்.

அப்போது நாகஜோதியின் அம்மா ராமுத்தாய் ஈரல் கெட்டுப் படுத்த படுக்கையாக இருந்தார். கிறிஸ்டோபர் தாளின் மேலே 'உங்களுக்காக' என்று எழுதி நாகஜோதியிடம் கொடுத்தார். மறுநாளிலிருந்து அவள் லீவு. ரெண்டு நாளில் வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: 'நன்றி சார். தினமும் வாசிக்கிறேன்.'

"தெனமும் வாசிக்கிறாகளாம் ஐயா!" துறை முழுக்க லட்டு கொடுத்தார். நானும் ரெண்டு வாங்கித் தின்றேன்.

ராமுத்தாய் பிழைக்கவில்லை. பதினாறு முடிந்து வந்த நாகஜோதி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். மடிப்பெல்லாம் திருநீறு.

"எங்க சாமிதான் கைவிட்டுருச்சு, உங்க சாமியாச்சும் பாக்கட்டும்னு ஆத்தா காதுல தெனமும் இதத்தான் சார் வாசிச்சேன். கடைசியில ஆத்தாவே, 'பாத்தாப் போதும், பொழச்சுக்கிருவேன்'னு முணுமுணுத்துச்சு. உங்க சாமி பாக்கல. இனிமே எனக்கு ஜெபம் எதுவும் எழுதிக் குடுக்காதீக."

"சரிங்க" என்றார் கிறிஸ்டோபர்.

அவள் போனதும் கத்தினேன்: "அது ஜெபமில்லன்னு சொல்லித் தொலைய்யா!"

"சொன்னா, சாகப்போற ஆத்தா காதுல எத வாசிச்சோம்னு அவுக காலம் பூரா அழுவாக ஐயா. ஜெபமாவே இருந்துட்டுப் போகட்டும்."

நாகஜோதி கல்யாணமாகிக் கம்பத்துக்குப் போய் மூன்று வருடமாகிறது. இந்த வருடமும் வகுப்பில் அந்தப் பாட்டு வந்தது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. "'தௌ'ன்னா என்ன சார்?" என்று பாட்டில் வரும் பழைய இங்கிலீஷ் சொல்லுக்கு ஒரு பிள்ளை அர்த்தம் கேட்டது.

"நீ" என்றார் கிறிஸ்டோபர். "வெறும் நீ."