மூன்று பாறைகளின் படம்

என் கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாறைகள், இதோ விழப்போகிறோம் என்பதுபோல் நிற்கின்றன. கீழே காய்ந்த புல், ஓர் ஆடு. ஜிம்பாப்வேயில், ஹராரே நகருக்கு வெளியே ஒரு ஞாயிறு பூசை முடிந்து போனபோது எடுத்தது. அந்த நாட்டில் அந்தப் பாறைகளைப் பணநோட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பாறைக் குன்றுகளும் கோட்டையும் சூழ்ந்த செஞ்சியில் பிறந்தவனுக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது?

ஆறு வருடம் அங்கே ஒரு மொத்தக் கடையின் கிடங்கைப் பார்த்துக்கொண்டேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். போனில் என்ன பேசுவதென்று நைனாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் படமெடுத்து, இன்னதென்று கீழே ஒரு வரி எழுதி அனுப்புவேன். அக்டோபரில் தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கும் ஊதாப் பூ, முச்சந்தியில் மக்காச்சோளம் சுட்டு விற்கும் பெண்கள், ஆளை மறைக்கும் கறையான் புற்று. மக்காச்சோள மாவைக் கிண்டி அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "நம்ம களிதானடா, இதத் துண்றதுக்கா அவ்ளோ தூரம் போன?" என்று பேசி அனுப்பினார்.

பாறைப் படத்துக்குக் கீழே மட்டும் நான் எதுவும் எழுதவில்லை. சோம்பல், வேறொன்றுமில்லை. மறுநாள் காலை அவர் குரல் வந்திருந்தது.

"இது ராணிக்கோட்டை பின்பக்கம்தான? ஊருக்கு வந்துட்டு சொல்லாம இருக்கிறியா? எந்த பஸ்ல வர? நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரேன்."

அதைக் கடையில் இருந்த இன்னொரு தமிழருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். மாலையில் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சரக்கு வந்து இறங்கியது, மறந்துபோனேன். மறுநாளும் மறந்தேன்.

நைனாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். இரண்டு நாளும் பஸ் ஸ்டாண்டில் இருந்தார் என்று தங்கை பிறகு சொன்னாள். புண் மேலேறியது. மாதம் முடிவதற்குள் போய்விட்டார். நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது, குழியில் ஒரு பிடி மண் போடக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. தங்கைக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். திண்டிவனத்திலிருந்து பஸ் வரும்போதெல்லாம் நைனா எழுந்து நின்றாராம். புண்ணோடு எதற்கு, உட்காருங்கள் என்று இவர் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"எம்புள்ள எறங்கறப்ப நான் குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்னாரு."

பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் அந்தப் பாறைப் படத்தைத் திறந்தேன். அன்று எழுதியிருக்க வேண்டியதைக் கீழே எழுதினேன்: 'நைனா, இது ஹராரே. நான் வரவில்லை.' அனுப்புவதற்கு ஆள் இல்லை.

திண்டிவனம் பஸ் வந்தது. நான் எழுந்து நின்றேன்.