மதிலுக்கு வெளியே பிலவேந்திரன்

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் பொய்யில்லை. சரி, முறைக்காதீர்கள், ஒன்றிரண்டு இருக்கலாம். வெள்ளையடிக்கிறவன் சுண்ணாம்பில் துளி நீலம் கலப்பானே, அந்த அளவுக்குக் கலந்திருக்கிறது. சிரிப்பு வருகிற இடத்தில் சந்தேகப்படுங்கள். மற்ற இடத்தில் வேண்டாம். கடலை உடைக்கிற கை மட்டும் நிற்கக் கூடாது. அக்கம்மாளுக்குத்தான் சொல்வது. அவள் கூடைக்குள் போடுவதைவிட வாய்க்குள் போடுவது அதிகம்.

"நீ கதையச் சொல்லு. என் வாய்க்குக் காவல் இருக்காத" என்றாள் அக்கம்மாள்.

நாச்சியாபுரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அங்கே வியாகுலம்மாள் என்று ஒருத்தி. அவள் வாசலில் நின்று புருஷனைக் கூப்பிட்டால் காரைக்குடிச் சந்தையில் தராசுத் தட்டு ஆடும். மாதா கோயிலில் அவள் பாட ஆரம்பித்தால் மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். எதற்கு வீணாகத் தொண்டையைக் கெடுத்துக்கொள்வது?

புருஷன் பிலவேந்திரன் வெள்ளையடிக்கிறவன். வலையபட்டிச் செட்டியார் வீடுகளில் கல்யாணம் என்றால் புரோகிதருக்கு முன்னால் அவனுக்குத்தான் ஆள் போகும். அவன் அடித்த சுவரில் வெயில் பட்டால் தெருவில் போகிறவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது தலைமுதல் கால்வரை வெள்ளை. கோயில் பீடத்துச் சுரூபம்தான் இறங்கி நடந்து வருகிறது என்று நாய்கூடக் குரைக்காமல் ஒதுங்கும்.

"இந்த மனுசன் கறுப்பா செவப்பான்னு கல்யாணமாகி மூணு வருசம் வரைக்கும் எனக்கே தெரியாது" என்பாள் வியாகுலம்மாள். அவன் சிரிப்பான். பல்லும் சுவரும் ஒரே நிறமாக இருக்கும்.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம். வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டில் வேலை. அந்த வீடு ஆறு பங்காளிகளுக்குப் பொது. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு. பொதுச் சாமான் அறைக்கு மட்டும் ஆறு சாவி. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த அறையைத் திறந்தால் வெள்ளிக் குடத்தைக் காணோம். வீட்டுக்குள் வந்துபோன வெளியாள் யார்? சுவர் அடித்த இரண்டு பேர். பிலவேந்திரனையும், கூடச் சுண்ணாம்பு மட்டை பிடித்த சின்னக்கருப்பையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. கையைக் கழுவக்கூட விடவில்லை.

வியாகுலம்மாள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனாள். வாசலிலேயே மறித்தார்கள். "விசாரிச்சுட்டு விட்டுருவோம், போ" என்றார் ஏட்டு. மறுநாளும் போனாள். அதே பதில். அன்றைக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. அது அவன் குரலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு குரலை அவனிடம் அவள் கேட்டதே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். "ஒம் புருசன் வேட்டியில தூக்குப் போட்டுக்கிட்டான்" என்றார். சாயங்காலம் உடம்பு வந்தது, ஆஸ்பத்திரியில் தைத்து, தூக்கு என்று எழுதிய காகிதத்தோடு. இருட்டுவதற்குள் புதைத்துவிட வேண்டும் என்று உத்தரவு.

"குளிப்பாட்டாம அனுப்ப மாட்டேன்" என்றாள் வியாகுலம்மாள். பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். துணியை விலக்கினாள். பாதம் இரண்டும் புடைத்து, வெடித்து, கறுத்திருந்தன. முதுகில் விரல் வைக்க இடமில்லை. கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். தூக்கு மாட்டிய தடம் ஒரு கோடுகூட இல்லை.

அதையெல்லாம்விட அவளை உட்கார வைத்தது வேறொன்று. உடம்பில் சுண்ணாம்பு இல்லை. நகக்கண்ணில்கூட இல்லை. பதினாலு வருஷம் சீயக்காய் போட்டு அவள் தேய்த்தும் போகாதது, யாரோ தேய்த்துப் போக்கியிருந்தார்கள்.

"எனக்கு முன்னாடியே குளிப்பாட்டிட்டாய்ங்களே" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பெரிய தொண்டை அதற்குமேல் திறக்கவில்லை.

கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை. பங்குச்சாமியார் காகிதத்தைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தன் உயிரைத் தானே போக்கிக்கிட்டவனுக்கு மந்திரிச்ச மண்ணுல இடமில்லம்மா. திருச்சபைச் சட்டம்."

"காகிதம் பொய்யி சாமி. நீங்க வந்து அவரு பாதத்தைப் பாருங்க."

சாமியார் நல்லவர். ஆனால் வந்து பார்க்கவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பிலவேந்திரனைக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, கருவேல மரத்தடியில் புதைத்தார்கள். அந்த மதிலுக்கு வருஷா வருஷம் வெள்ளையடித்தவனும் அவன்தான். கூலி வாங்கியதில்லை.

பதினோராம் நாள் குடம் வந்து சேர்ந்தது. பங்காளிகளில் ஒருவர் இளையாத்தங்குடிக் கோயில் காரியத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். அவரிடமும் சாவி இருக்கிறது, அவருக்கும் பாத்தியதை இருக்கிறது, யாரிடம் சொல்ல வேண்டும்? அந்த வீட்டு ஆச்சி அன்றே வண்டி கட்டிக்கொண்டு வந்து வியாகுலம்மாள் முன்னால் நின்றார்.

"நான் பாவியாயிட்டேனே, வியாகுலம். என்ன செய்யச் சொல்ற?"

"கொடம் திருடு போகலன்னு எழுதிக் குடுங்க ஆச்சி. வேற ஒண்ணும் வேணாம்."

ஆச்சி எழுதிக் கொடுத்தார். பங்காளிகள் ஆறு பேரும் தடுத்தும் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வியாகுலம்மாள் மதுரைக்குப் போனாள். நம் ஜில்லாவுக்குக் கலெக்டர் கச்சேரி அங்கேதானே. எழுநூறு தடவை போனாள். சரி, ஒன்பது தடவை. பத்தாம் தடவை வருவதாகத் தெரிந்ததும் டவாலி சேவகனே எழுந்து நாற்காலி போட்டான் என்பார்கள். அது என் நீலம். ஆனால் எழுபத்தொன்றில் விசாரணைக்கு உத்தரவு வந்தது நிஜம்.

விசாரணைக்கு அவள் நம்பியிருந்தது ஒரே ஆளை. சின்னக்கருப்பு. ஸ்டேஷனில் பக்கத்து அறையில் கிடந்தவன்.

இந்த இடத்தில், எங்களோடு உட்கார்ந்திருந்த வீரணன் கடலை உடைப்பதை நிறுத்திவிட்டான். அவன் சின்னக்கருப்பின் தங்கையைக் கட்டியவன்.

சின்னக்கருப்பு விசாரணை அதிகாரி முன்னால் வந்து நின்றான். வாசலில், அன்றைக்கு அவர்களை அள்ளிக்கொண்டு போன அதே எஸ்.ஐ. தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு என்ன கேட்டுச்சு?" என்றார் அதிகாரி.

"தூங்கிட்டேங்கய்யா."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும் தூங்கிட்டேங்கய்யா."

வியாகுலம்மாள் அவனைத் திட்டவில்லை. அவன் வெளியே போகும்போது ஒதுங்கி வழிவிட்டாள்.

மறுநாள் அவளுடைய சாட்சி. அதற்கு முந்தின சாயங்காலம் கோயில் உபதேசியார் வளன் வந்தார். யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிலவேந்திரனுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி உண்டு என்று அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். தூக்கு என்பதை அடித்துவிட்டு நெஞ்சுவலி என்று எழுதிவிடுவார்கள்.

"போட்டீகன்னா ஒரு வாரத்துல தோண்டி உள்ள கொண்டாந்துரலாம். மணி அடிச்சு, பூசை வச்சு, சிலுவை நட்டு. சாமியார்ட்டயும் கேட்டுட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

மகள் பவுலின் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண். "போட்டுரும்மா. 'தூக்குப்போட்டவன் மக'ன்னு கூப்புடுறாகம்மா. அப்பாவுக்கு ஒரு சிலுவை வேணும்மா."

அன்றைக்கு அவள் அடுப்பு மூட்டவில்லை. கருவேல மரத்தடிக்குப் போய் உட்கார்ந்து, மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மழைக்கு அந்தச் சுவர் பாசி பிடித்துக் கிடந்தது.

மறுநாள் அதிகாரி நீட்டி முழக்காமல் கேட்டார். "உன் புருஷனுக்கு நெஞ்சுவலி இருந்ததாம்மா?"

பவுலின் வெளியே ஜன்னலோரம் நின்று அம்மா வாயையே பார்த்தாள்.

"இல்லைங்கய்யா" என்றாள் வியாகுலம்மாள். "சுண்ணாம்பு மூட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு ஏணியில ஏறுவாரு. மேல நின்னு என்னைக் கூப்புட்டுப் பாடச் சொல்லுவாரு. அவரு நெஞ்சு நல்லாத்தான் இருந்துச்சு. அடிச்சுத்தான் கொன்னாக."

அன்றைக்குத்தான் அந்தத் தொண்டை மறுபடி திறந்தது. தெருவில் போன மாட்டுவண்டி நின்றது. இது நீலமில்லை, நின்றதுதான்.

ஆறு மாதம் கழித்து முடிவு வந்தது. போதிய சாட்சியம் இல்லை. காகிதத்தில் தூக்கு தூக்காகவே இருந்தது. எஸ்.ஐ.க்கு வேறு ஊருக்கு மாற்றல், தோளில் இன்னொரு நட்சத்திரம். பவுலின் ஒரு வருஷம் அம்மாவோடு பேசவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே உள்ளே மெழுகுவத்தி ஏற்றும்போது வியாகுலம்மாள் வெளியே ஒற்றை வத்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இப்போதும் மதுரைக்கு மனு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள்.

"கையெழுத்தப் போட்டுருக்கணும்" என்றாள் அக்கம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டே. "செத்தவருக்கு மண்ணாச்சும் கெடைச்சிருக்கும். வீம்பு புடிச்சு அந்தப் புள்ளை வாழ்க்கையையும் கெடுத்துட்டா."

"வீம்பா? போட்டிருந்தா அடிச்சவன் கையில பாவமே இல்லேன்னு இவளே சொன்ன மாதிரி ஆயிருக்கும்" என்றார் பெரியவர் முத்துராமலிங்கம், கடலை மூட்டைக்கு மேலிருந்து. "கெடுத்தது அவ இல்ல. அந்தத் தூங்குமூஞ்சிப் பய ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"யாரைடா தூங்குமூஞ்சிங்குற?" வீரணன் எழுந்த வேகத்தில் கூடை கவிழ்ந்தது. "எம் மச்சான் காலை நீ பாத்திருக்கியா? இன்னைக்கும் செருப்புப் போட முடியாது அவனுக்கு! பாத்திருக்கியாடா?"

"வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசு!"

"அந்தத் தொப்பி முன்னால நீ போய் நின்னு பாரு, அப்புறம் தாரேன் மரியாதை!"

"ஏ, கடலைய மிதிக்காதீக!" என்று அக்கம்மாள் கத்தினாள். யாரும் கேட்கவில்லை. முத்துராமலிங்கம் மூட்டையிலிருந்து இறங்கிவிட்டார்.